ஐந்தாம் மாடியும் ஒரு ஃபியூஸும்

மே 4, திங்கள்

அப்பாவின் நீலச் சட்டையில் மறுபடியும் பை கிழிந்திருக்கிறது. அம்மா தைத்துக்கொண்டே முணுமுணுத்தாள். எங்கள் வீட்டில் சட்டை காலரில் கிழிவதில்லை, முழங்கையில் கிழிவதில்லை. பையில்தான். காரணம் ஃபியூஸ்.

லிஃப்ட் பழுதுபார்க்கக் குழிக்குள் இறங்குகிறவர் முதலில் மெயின் ஸ்விட்சின் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். அது வெளியே இருக்கும்வரை யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் லிஃப்ட் அசையாது. பிடுங்கியதை அப்பா கீழே வைக்க மாட்டார், உதவியாளரிடம்கூடக் கொடுக்க மாட்டார். தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "அது என் உசிரு. உசிர அடுத்தவன் கைல குடுத்துட்டு உள்ள எறங்குவாங்களா?" என்பார். ஒருமுறை வேலைக்கு நடுவில் சாப்பிட வந்தவர் சட்டையைக் கழற்றிப் போட, அவர் கை கழுவுவதற்குள் அம்மா அதை ஊறவைத்துவிட்டாள். ஃபியூஸ் காயும்வரை எட்டு மாடி அலுவலகம் ஒன்று நடந்தே ஏறியது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்வாள். "என்ன விட அந்த பீங்கான் துண்டு மேலதான் அவருக்குப் பாசம்" என்று முடிப்பாள். அதற்குள் அப்பா எழுந்து போயிருப்பார்.

இன்னொன்று. கடிதம் வந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் குறிப்பெழுதும் வேலை எனக்குத்தான். ஒவ்வொரு காட்சிப்பொருளுக்கும் கீழே ஒரு சிறு அட்டை இருக்குமே, அதை எழுதுகிற வேலை. நாற்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய வேலை மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ரயில் தூரம். மே இருபதுக்குள் சம்மதம் எழுத வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. படித்துக்கொண்டிருக்கும் தடி நாவலுக்குள் பக்க அடையாளமாக வைத்துவிட்டேன்.

மே 5, செவ்வாய்

ஏன் சொல்லவில்லை? காரணம் இன்று சாயங்காலம் கூடத்திலேயே கிடைத்தது.

அம்மா என்னிடம்: "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு."

அப்பா, அவளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்தபடி, என்னிடம்: "அஞ்சு நிமிஷம்னு சொல்லு."

சண்டையெல்லாம் இல்லை. பேசிக்கொள்ளும் பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். வருடம் முழுக்க யாராவது எங்காவது லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், அப்பா ஓடுகிறார். விடுமுறைக் காலத்தில் இன்னும் அதிகம். அவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு நான்தான் நடுவில் ஓடும் கம்பி. கம்பியைப் பிடுங்கினால்?

ஆகவே ஒரு திட்டம். கடலோர ஹோட்டலில் ஏழு நாள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. நான் புத்தகத்தோடு ஒதுங்கிவிடுவேன். எதையும் இங்கிருந்து அங்கே சொல்ல மாட்டேன். அவர்களாகப் பேசிக்கொண்டால் சம்மதம் எழுதுவேன். இல்லையென்றால் கடிதம் நாவலுக்குள்ளேயே கிடக்கட்டும்.

அவர்களுக்குத் தெரியாமல் அவர்களுக்கு ஒரு பரீட்சை. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மே 8, வெள்ளி

அம்மா சத்தியம் வாங்கினாள்.

"ஏழு நாள். ஸ்பானரோ ஸ்க்ரூ டிரைவரோ உங்க கைல பாத்தேன், அப்படியே அடுத்த ரயில்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

பதினொரு வருடத்தில் அப்பா எடுக்கும் முதல் நீண்ட விடுப்பு. அவருடைய போனை அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பை வைக்காத பனியன் சட்டை மூன்று வாங்கி வந்திருக்கிறாள் – வேண்டுமென்றே. பிறகு பெட்டியைச் சோதித்தாள். பல் துலக்கும் பிரஷ் டப்பாவுக்குள் ஒரு டெஸ்டர்.

"இது என்ன?"

"பல் குத்தறதுக்கு."

டெஸ்டர் பறிமுதல்.

மே 10, ஞாயிறு

ரயிலில் இருவரும் பதினேழு வாக்கியம் பேசினார்கள். எண்ணினேன். ஜன்னலைத் திற, மூடு என்பது ஆறு. மீதி பதினொன்றில் ஐந்து தண்ணீர் பாட்டில் பற்றி. பரவாயில்லை, தொடக்கம்தானே. கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

ஹோட்டல். படத்தில் பார்த்தபோது வெள்ளை மாளிகை மாதிரி இருந்தது. நேரில் பார்த்தால் அந்தப் படத்தை எடுத்தவருக்கு விருது கொடுக்கலாம் என்று தோன்றியது. ஐந்து மாடி. எங்களுக்கு ஐந்தாவது. லிஃப்ட் கதவில் கயிறு கட்டி ஓர் அட்டை தொங்கியது: பழுது.

மேலாளர் கைகூப்பினார். "நாளைக்குச் சரியாயிடும் சார்."

அப்பா லிஃப்டைப் பார்த்தார், கூடப் படித்தவனை ஆஸ்பத்திரியில் பார்ப்பதுபோல. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அட்டையையே பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாடியில் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "லிஃப்ட்காரர் குடும்பம் நடந்து ஏறுது. வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

மே 11, திங்கள்

அறையைப் பற்றி. வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர்க் குழாயில் ஒன்றும் வராது. மின்விசிறிக்கு இரண்டே வேகம்: ஒன்றில் நிற்கும், இரண்டில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பறந்துவிடும் போலிருக்கும். 'கடல் பார்த்த அறை' என்று போட்டிருந்தார்களே – அறை பார்க்கவில்லை, குளியலறை பார்க்கிறது. பயிற்சிக்காக ஓர் அட்டை எழுதினேன்:

வாளி. பிளாஸ்டிக், நீலம். இரண்டு பயன்கள். நேராக வைத்தால் குளிக்கலாம்; கவிழ்த்து ஏறி நின்றால் காற்றோட்ட ஜன்னல் வழியே கடல் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது.

எதைப் பற்றிக் கேட்டாலும் மேலாளர் "நாளைக்கு" என்கிறார். அம்மா அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள். "கீழ போறியா? நாளைக்குகிட்ட துண்டு கேட்டு வாங்கிட்டு வா."

அப்பா கடற்கரைக்குப் போய் அரைமணியில் திரும்பிவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஈரமா இருந்துச்சு" என்றார்.

வாக்கியங்கள்: ஒன்பது. குறைந்திருக்கிறது. காதுக்குக் கீழே என்னவோ வலி.

மே 12, செவ்வாய்

வலது கன்னம் மட்டும் விடுமுறையை நன்றாக அனுபவிக்கிறது. சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊதியது மாதிரி இருக்கிறது.

மே 13, புதன்

இடது கன்னமும் சேர்ந்துகொண்டது. காய்ச்சல். வாயை ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்க முடிகிறது.

மருத்துவர் ஐந்து மாடி ஏறி வந்தார். வாசலில் நின்றபோது அவர்தான் நோயாளி மாதிரி இருந்தார். அம்மா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டாள். மூச்சு வந்ததும் என் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "பொன்னுக்கு வீங்கி. இந்த வயசுல கொஞ்சம் படுத்தும். வீக்கம் வந்ததுலேர்ந்து அஞ்சு நாள் யாரோடயும் பழகக் கூடாது. உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே வந்திருக்கா?" இருவருக்கும் சின்ன வயதில் வந்துவிட்டதாம். "நல்லது. சூப், தண்ணி, ஓய்வு. புளிப்பு மட்டும் கண்ணுல காட்டாதீங்க. மறுபடி பாக்கணும்னா போன் பண்ணுங்க. நான் வர மாட்டேன்" என்று படியை ஒரு முறைப்பு முறைத்துவிட்டு இறங்கினார்.

ஆக, ஏழு நாள் விடுமுறையில் எனக்கு ஐந்து நாள் சிறை. சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் பேசுவது அப்படியே கேட்கிறது. பேசினால்தானே கேட்க? அம்மா இரண்டு முறை சூப் எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறினாள். முழங்காலைத் தேய்க்கும் சத்தம்கூடக் கேட்டது. மத்தியானம் உள்ளூர் மெக்கானிக் வந்து லிஃப்டை ஓட்டிப் பார்த்தார். மோட்டார் உறுமியது, நின்றது. மோட்டார் போய்விட்டதாம், புதிது வர ஒரு மாதமாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தனக்குத்தானே: "மோட்டார் இல்லடா."

அம்மா: "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

பிறகு ஒரு பெருமூச்சு. பெருமூச்சு வாக்கியம் ஆகாது. இன்று மொத்தம் மூன்று.

கடிதத்தை என்ன செய்வது? எனக்கே பதில் தெரிகிற மாதிரி இருக்கிறது. படுத்துக்கொண்டே சுவரைப் பார்த்தால் எதுவும் மோசமாகத்தான் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மே 14, வியாழன்

ஐயோ. ஐயோ ஐயோ. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கண் எரிச்சலில் படிக்க முடியவில்லை. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, "குடு, நான் படிச்சுக் காட்டறேன்" என்று நாவலை எடுத்தாள். அம்மா படிப்பது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். கொலையும் கல்யாணமும் ஒரே குரலில். எனக்கு அது பிடித்திருந்தது. கதாநாயகி மழையில் குதிரை ஏறிப் புறப்படுகிறாள். நான் அரைத் தூக்கம். குதிரை ஆற்றைத் தாண்டுகிறது, பாலம் உடைகிறது, "அவள் திரும்பிப் பார்க்காமல் கடிவாளத்தை இழுத்து, தங்களைக் காட்சிப்பொருள் குறிப்பாளராக நியமிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம், ஜூன் பதினைந்தாம் தேதி பணியில் சேர—"

குரல் மாறவே இல்லை. கீழே கையெழுத்து வரைக்கும் படித்தாள். அப்புறம்தான் நிறுத்தினாள்.

என்னால வாயத் தெறக்க முடியல. தெறந்தா மட்டும் என்ன சொல்லியிருக்கப் போறேன்?

"எத்தன நாளா இது உள்ள இருக்கு?"

பத்து விரலைக் காட்டினேன்.

"பத்து நாளா." காகிதத்தைத் திருப்பினாள். போச்சு. ரயில் 17, திங்கள் 9, செவ்வாய் 6, புதன் 3. "இது என்னடி?"

பொய் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை உண்மையை எழுதிவிட்டது: நீயும் அப்பாவும் பேசிக்கிட்டது. நான் போனா நீங்க எப்படி இருப்பீங்கன்னு பாக்க.

அதை இரண்டு தடவை படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்று பயந்தேன்.

"பரீட்சையா? பாஸ் மார்க் எவ்வளவு?"

எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன். நிஜமாகவே தெரியாது. அதை நான் யோசித்ததே இல்லை.

கடிதத்தை அதே பக்கத்தில் வைத்து, புத்தகத்தை மூடி, என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் பெரிய மேதாவி மாதிரி... அம்மாவ போய் எண்ணிட்டிருந்திருக்கேன். எந்தப் புத்தகத்துல படிச்சேன் இத?

மே 15, வெள்ளி

காலையில் சுவர் அதிர்ந்தது.

"என்னங்க. எந்திரிங்க. போய் அந்த லிஃப்ட சரி பண்ணுங்க."

கட்டில் கிரீச்சிட்டது. "சத்தியம்?"

"வாங்கினது நான்தானே? திருப்பிக் குடுத்தாச்சு. அவளால அஞ்சு மாடி எறங்கி ஏற முடியாது. இவ்வளவு தூரம் வந்து கடல வாளி மேல நின்னு பாத்துட்டுப் போறதா? அதோட, நீங்க மூச்சு விடற சத்தத்த இன்னொரு நாள் என்னால கேக்க முடியாது."

"கைல ஒண்ணும் இல்லயே. டெஸ்டரயும் நீ புடுங்கிட்ட."

கைப்பையின் ஜிப் சத்தம். "இந்தாங்க."

கூடவே கொண்டுவந்திருக்கிறாள்! பறிமுதல் செய்ததை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

லிஃப்டின் இயந்திர அறை மொட்டைமாடியில், என் அறை வாசலைத் தாண்டி ஏறும் படிக்கு மேல். தலையோடு சால்வையைச் சுற்றிக்கொண்டு படியின் அடியில் போய் உட்கார்ந்தேன். யார் மேலும் மூச்சுப் படாத தூரம். கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. 'நாளைக்கு' தன் சாமான் பெட்டியை வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அம்மா டார்ச் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ காட்டு."

"இதான் பிரேக் ஷூவா? நான் பெரிசா இருக்கும்னு நெனச்சேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"இருவத்தெட்டு வருஷமா போன்ல கத்தறீங்க. நான் என்ன செவுடா?" பிறகு அப்படியே அப்பாவின் குரலில், மூக்கைச் சுருக்கி: "மேல போறப்பவா, கீழ வர்றப்பவா? காலியாவா, ஆளோடயா? உறுமுதா, இழுக்குதா? உறுமினா மோட்டார திட்டாத, பிரேக் விடுதான்னு பாரு!"

அப்பா சிரித்தார். எனக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை அது. கழுத்திலிருந்து கிளம்பித் தோள் வரைக்கும் குலுங்கியது. "அதேதான். பிரேக் முழுசா விடல. அந்த ஆளு மோட்டார மாத்தணும்னுட்டான்."

"அன்னிக்கே தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"ரெண்டு நாளா வாய மூடிட்டு இருந்தீங்களா?"

"சத்தியம் பண்ணிருந்தேனே."

அம்மா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

பிரேக்கைக் கழற்றித் துடைத்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. பிறகு, ஓட்டிப் பார்க்கும் முன் கீழே குழிக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். மெயின் ஸ்விட்சைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார். பழக்கத்தில் கை நெஞ்சுக்குப் போயிற்று. பை இல்லை. அம்மா வாங்கிய பனியன் சட்டை. கை நெஞ்சின் மேலேயே நின்றது.

'நாளைக்கு' கையை நீட்டினார். "இங்க குடுங்க சார், மேசைல பத்திரமா வெக்கறேன்."

அப்பா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. திரும்பி, அம்மாவின் டார்ச் இல்லாத கையை எடுத்து, உள்ளங்கையில் ஃபியூஸை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். படியிறங்கினார். என்னைத் தாண்டும்போது, "வெறுந்தரைல உக்காராத பாப்பா" என்றார்.

அம்மா முக்கால் மணி நேரம் அந்தக் கையைத் திறக்கவில்லை. 'நாளைக்கு' நாற்காலி கொண்டுவந்தார், உட்காரவில்லை. "மூக்கு அரிக்குதுடி" என்றாள் என்னைப் பார்த்து. இன்னொரு கையில் டார்ச். டார்ச்சைக் கீழே வைத்துச் சொறிந்துகொண்டிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை அவளுக்கு.

சாயங்காலம் லிஃப்ட் ஓடியது. நாற்பது வாக்கியம்வரை எண்ணினேன். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மே 16, சனி

சுவர் வழியாக, காலை காப்பி நேரத்தில்:

"அவ போறாங்க."

"எங்க?"

"அருங்காட்சியகத்துக்கு."

"நாளைக்கு ரயிலு. இப்ப எதுக்கு மியூசியம்?"

"வேலைக்குங்க. ஜூன் பதினஞ்சுலேர்ந்து. நம்மள விட்டுட்டுப் போகப் பயந்துட்டு பத்து நாளா மறச்சு வெச்சிருக்கு."

கோப்பை மேசையில் வைக்கப்படும் சத்தம். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவ போயிட்டா நீ என்ன சொல்றேன்னு எனக்கு யார் சொல்லுவா?" என்றார் அப்பா.

"நான் சொல்றேன். நான் சொன்னா காது கேக்காதா?"

நான் இல்லாமல், என்னைப் பற்றி, இவ்வளவு. முகத்தைத் தலையணையில் புதைத்துச் சிரித்தேன். தாடை வலித்தது.

மே 17, ஞாயிறு

ஐந்து நாள் முடிந்தது. மருத்துவரிடம் போனில் கேட்டோம். "கூட்டத்துக்குள்ள போகாம இருந்தா சரி. லிஃப்ட் ஓடுதா? அப்ப நான் வந்தே பாத்திருப்பேனே" என்றார்.

லிஃப்ட் தரையோடு சரியாக வந்து நின்றது. அப்பா குனிந்து இரண்டு தரைக்கும் நடுவில் விரலை ஓட்டிப் பார்த்தார். அம்மா, "போதும், நீங்களே மெச்சிக்காதீங்க" என்றாள்.

ஆளில்லாத பக்கமாகக் கடற்கரையில் ஒரு மணி நேரம். அப்பா சொன்னது உண்மைதான், ஈரமாகத்தான் இருந்தது. அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். அம்மா கையை ஆட்டி எதையோ விளக்க, அப்பா மறுத்துத் தலையாட்டினார். எந்த ஊர் எந்தக் கட்டடத்து லிஃப்டோ. பின்னால் என் வீங்கின முகத்தோடு நான். அப்பா ஒரே ஒருமுறை நின்று, நான் வரும்வரை காத்திருந்து கேட்டார்: "அந்த மியூசியத்துல லிஃப்ட் இருக்கா பாப்பா? என்ன கம்பெனின்னு பாத்து எழுது." வேறொன்றும் கேட்கவில்லை. என் பெட்டியை மட்டும் என்னைத் தூக்கவிடவில்லை.

கிளம்பும்போது 'நாளைக்கு' வாசல்வரை வந்தார். "அடுத்த வருஷமும் கண்டிப்பா வரணும்."

அம்மா: "நாளைக்குச் சொல்றோம்."

மே 18, திங்கள்

சம்மதம் எழுதித் தபாலில் போட்டாயிற்று. ஏழே சொல். போடுமுன் அம்மா வாங்கிப் படித்தாள், அதே ரயில் நிலையக் குரலில்.

ஜூன் 14, ஞாயிறு

ரயிலில். இருவரும் வழியனுப்ப வந்து, எந்த நடைமேடை என்று வாக்குவாதம் செய்து, நான் ஏறியதைச் சரியாகப் பார்க்கவில்லை.

அழுதேன். ஜன்னலோர ஆசாமி தன் செய்தித்தாளை நீட்டினார், படிக்கவா துடைக்கவா என்று சொல்லாமல்.

ஜூலை 12, ஞாயிறு

என் முதல் அட்டை கண்ணாடிக்குள் போய்விட்டது. ஒரு செப்புப் பூட்டு, முப்பத்தெட்டு சொல். மேலதிகாரி ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்தார். ஒரு வாரமாக அந்தக் காற்புள்ளியின் நினைவாகவே இருக்கிறேன்.

இதைச் சொல்ல மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. அப்பாவின் போனுக்குச் செய்தேன். எடுத்தது அம்மா. அவளைச் சுற்றி ஏதோ பெரிய வெற்றிடம் மாதிரி எதிரொலித்தது.

"எங்கம்மா இருக்க?"

"ஏழாவது மாடில. சீக்கிரம் சொல்லு."

"அங்க என்ன பண்ற?"

"என்ன பண்றேனா? அப்பாவோட ஆளு லீவு. நான் வந்திருக்கேன்."

கீழே எங்கோ ஆழத்திலிருந்து அப்பாவின் குரல்: "யாரு? பாப்பாவா? மியூசியம் லிஃப்ட் என்ன கம்பெனின்னு கேளு!"

"மேல வந்து நீங்களே கேளுங்க. நான் என்ன தபால்காரியா?" என்று குழிக்குள் கத்திவிட்டு, அம்மா என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "வெக்கறேண்டி. அவர் உள்ள இருக்கார். ஃபியூஸ் என் கைல இருக்கறப்ப பேசக் கூடாது."

வைத்துவிட்டாள்.